நம்மூர் அளவு

அன்பு மகனுக்கு, அத்தாவின் ஸலாம். நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டு நிரப்பிக்கொள். இன்றைக்கு எனக்கு அவற்றில் மனம் போகவில்லை.

ரம்ஜான் கழிந்ததும் ஜரீனாவையும் குழந்தை நூருவையும் சேலத்திலிருந்து நம்மூருக்கு அனுப்பி வைப்பதாகவும், நீ சவுதியிலிருந்து திரும்பும்வரை அவர்கள் என்னோடுதான் இருப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துப் பேசிக் கடைசியில் வேறு ஏதாவது எழுதிவிடுவேன். இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். மருமகளை அத்தாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும். ஜரீனாவுக்கும் அதுவே தோன்றும், அவளுடைய அம்மா அதைச் சேலம் முழுக்கச் சொல்லியும் விடுவார். நான் முன்கோபி என்று ஊருக்கே தெரியும், ஆகவே நம்பவும் செய்வார்கள். அதனால்தான் ஒரு வரியில் முடிய வேண்டியதை இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால்தான் மற்றது உனக்குப் புரியும். படித்து முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன். எதிர்வீட்டு மாதப்பன் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன் நின்று, "என்னா பாய், மூஞ்சில ஒரு களை வந்துருக்குது, பேத்தி வர்றாளா?" என்றான். அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். மறுநாளே நடு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தையல் மெஷினைக் கூடத்து மூலைக்குத் தள்ளினேன், குழந்தை ஊசியில் கை வைத்துவிடக் கூடாதே என்று. நூருவை நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள், இப்போது நடக்கிறாளாம். எத்தனை உயரம் இருப்பாள் என்று தெரியாமல் ஒரு கவுன் தைத்தேன். வாழ்நாளில் அளவு எடுக்காமல் நான் தைத்த துணி அது ஒன்றுதான்.

தனியாக இருப்பது எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உங்கம்மா போனபிறகு சோறு வடிப்பதில் எனக்குக் கணக்கே பிடிபடவில்லை, எப்போதும் மீந்துவிடுகிறது. மொரப்பூர் கடையில் யாராவது சட்டைத் துணியோடு வந்தால் தேவையில்லாத அளவெல்லாம் எடுக்கிறேன். அரைக்கை சட்டைக்கு மணிக்கட்டு அளவு எதற்கு? அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள், மழை பெய்ததா, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று கேட்கலாம். ஒரு பையன், "ஏனுங்க பாய், டவுசருக்குக் கழுத்து அளவு எடுக்கறீங்க?" என்று கேட்டேவிட்டான். "காலர் வெச்சி டவுசர் தைக்கப்போறன்டா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். கடையை மூடுகிறவரை வேறு யாரும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயம், பிள்ளைகளுக்குச் சீருடை அளவெடுக்க நம்மூர்ப் பள்ளிக்குப் போயிருந்தேன். அன்றைக்கு டவுனிலிருந்து டாக்டர்கள் சிலர் வந்திருந்தார்கள். எல்லோரும் இளவட்டங்கள், அதில் ஒரு பெண் டாக்டர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் நல்லாச் சிரிங்க பார்க்கலாம், பல்லு தெரியணும்" என்று சொன்னாள். வரிசையில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லோருடைய கையும் மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி இல்லை, உடம்பு தானாகச் செய்தது. நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த வரிசையில் நான் பார்த்தது உன்னை.

நீ கடைக்கு வந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்த வயதில், பெரியவர்களிடம் பேசும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாய். வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள், "உம்பையன் என்னா மரியாத பாய், வாயப் பொத்திக்கினு பேசறான் பாரு, இந்தக் காலத்துல எவன் இருக்கறான்" என்று. எனக்குத் தலை கால் புரியாது. நான் வளர்த்த வளர்ப்பு என்று நினைத்துக்கொள்வேன், சில பேரிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். உன் பல் காவி பிடித்து, நடுவில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். உங்கம்மா கரித்தூள் வைத்துத் தேய்த்துவிட்டதும், நீ செங்கல் பொடி வைத்து ஈறிலிருந்து ரத்தம் வரத் தேய்த்ததும் எனக்குத் தெரியும். ஆனால் நம்மூரில் எல்லோருக்கும் பல் அப்படித்தான். மொரப்பூர் சந்தையில் நம் பல்லைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் பல் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பல்லும் தெரியும், கையும் தெரியும், இரண்டுக்கும் நடுவில் இருந்த உன் வெட்கம்தான் எனக்குத் தெரியவில்லை. உன் கல்யாணப் போட்டோவில் நீ உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மாப்பிள்ளை முறுக்கு என்று கேலி செய்தேனே, நினைவிருக்கிறதா? நீ எழுந்து போனாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தண்ணீரில் ஃபுளோரைடு என்று ஒரு உப்பு இருக்கிறது, அதுதான் பல்லைக் கெடுக்கிறது என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னாள். பல் முளைக்கும் முன்பே, உள்ளே உருவாகிற வயதிலேயே அது வேலையைக் காட்டிவிடுமாம். அதற்கப்புறம் எதை வைத்துத் தேய்த்தாலும் போகாதாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா என்று வாத்தியார் கேட்டார். காய்ச்சினாலும் போகாது என்றாள். அப்புறம் அவள் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களும் இந்த ஊருதானா? உங்க தாடைய நெஞ்சில தொடுங்க பார்க்கலாம்" என்றாள். என்ன பிரமாதம் என்று குனிந்தேன். தாடை பாதியில் நின்றுவிட்டது. ஒரு சாக்பீஸைத் தரையில் போட்டு, முட்டியை மடக்காமல் எடுக்கச் சொன்னாள். என்னால் முடியவில்லை. பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. "வயசாச்சும்மா" என்றேன். "வயசு மட்டும் இல்லீங்க ஐயா, பல்லுல வர்றது எலும்புலயும் வருது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாததா இந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு வீம்பு. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நடந்து வரும்போதுதான் ஒன்று தோன்றியது. உனக்கு நான் வெட்டுகிற முறை தெரியும். வெளியூர்க்காரனுக்குச் சட்டை வெட்டினால் முன்பாகமும் பின்பாகமும் ஒரே கணக்கு. நம்மூரிலும் பக்கத்து ஊர்களிலும் நாற்பது தாண்டிய ஆளாக இருந்தால், பின்னால் கொஞ்சம் நீளம் விடுவேன், முன்னால் கொஞ்சம் குறைப்பேன். அப்படிச் செய்யாவிட்டால் சட்டை முதுகில் ஏறிக்கொண்டு முன்னால் தொங்கும். 'நம்மூர் அளவு' என்று அதற்குப் பேர்கூட வைத்திருந்தேன், உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஏன் நம்மூர் ஆட்களுக்கு மட்டும் முதுகு வளைகிறது, ஏன் இத்தனை சீக்கிரம் வளைகிறது என்று ஒரு நாள், ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. பேர் வைத்தேன் பார், அங்கேதான் கோட்டை விட்டேன். பேர் வைக்காமல் இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் கை தயங்கியிருக்கும், ஏன் என்று கேட்டிருக்கும். பேர் வைத்ததும் அது பானைக்குப் போட்ட மூடி மாதிரி உட்கார்ந்துகொண்டது. என் விரலுக்குத் தெரிந்திருந்தது, கத்திரிக்குத் தெரிந்திருந்தது. நான் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசலிலும் அதே கதைதான். நம்மூரில் நாற்பது, ஐம்பது வயது ஆட்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தொழுவார்கள். சேலத்துப் பள்ளிவாசலில் என்னைவிட மூத்தவர்கள் நெற்றி தரையில் படக் குனிந்து ஸஜ்தா செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? நம்மூர் ஆட்களுக்கு ஈமான் போதாது, சோம்பேறிகள் என்று நினைத்தேன். உன் காது பட எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். பிறகு நானே ஸ்டூல் போட்டுக்கொண்டேன், அப்போதுகூட என் முட்டிவலிதான் நியாயமான வலி, மற்றவர்களுடையது சோம்பல் என்றே இருந்தேன். மனுஷன் தன் விஷயத்தில் காரணம் தேடுகிறான், அடுத்தவன் விஷயத்தில் குணம் தேடுகிறான். நீ அங்கே பல தேசத்து ஆட்களோடு ஒரே அறையில் இருக்கிறாய். ஒருவன் பாத்திரம் கழுவாமல் போட்டுவிட்டுப் போனால், அவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு கட்டுமுன் அவன் கையைப் பார். ஒருவேளை கையில் கொப்புளம் இருக்கும்.

உங்கம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் அவள் இல்லாமல் இது முடியாது. நீ விமானம் ஏறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு நாள், "ஏங்க, இந்தத் துணிக்கொடியக் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்களேன்" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே இறக்கிக் கட்டினேன். அப்புறம் பரண்மேல் இருந்த டப்பாக்களை அலமாரிக்கு இறக்கச் சொன்னாள். அப்புறம் அலமாரியிலிருந்து தரைக்கு. ரவிக்கைக்குக் கைக்குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொன்னாள், உடம்பு போட்டுவிட்டது என்று கிண்டல் செய்துகொண்டே வெட்டினேன். தினமும் காலையில் எதிர்வீட்டு மாதம்மா வந்து அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். பொம்பளைங்க வம்பளக்க ஒரு சாக்கு என்று நினைத்தேன். அவளுக்குக் கை தோளுக்கு மேலே போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளைக் கொண்டுபோனது என்னவோ காய்ச்சல்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடைசி சில வருஷங்கள் அவள் வலியோடு இருந்தாள் என்பதை அவள் போனபிறகு, அந்தத் தாழ்ந்த கொடியில் என் சட்டையைக் காயப்போடும்போதுதான் புரிந்துகொண்டேன். நேராக நின்றால் கயிறு என் நெஞ்சில் இடிக்கிறது. வீட்டில் உன் பெண்டாட்டி எதையாவது இடம் மாற்றி வைத்தால், ஏன் என்று கேள். கடிதத்திலாவது கேள்.

பள்ளிக்கூடத்தில் அன்று தெரிந்துகொண்டபிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டு மூன்று நாள் மொரப்பூரிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு நாள் மாதப்பன் வீட்டுக்குப் போனேன். மாதம்மா வழக்கம்போலச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். அவள் சொம்பைக் கீழே வைக்கவில்லை. "ஏனுங்க பாய், எங்க வூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதுங்களா?" என்றாள். நம்மூரில் யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பார்கள், யார் குடிக்கமாட்டார்கள் என்பதில் எவ்வளவு பழைய காயம் இருக்கிறது என்று உனக்கே தெரியும். மாதப்பன் வீடும் நம் வீடும் வாங்கிக் குடிக்கிற வீடுகள். உங்கம்மாவுக்குத் தலை பின்னிவிட்ட கை அது. நான் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தேன், குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன். மறுநாளிலிருந்து மொரப்பூர்த் தண்ணீரையும் விட்டுவிட்டேன். என் எலும்பு இனிமேல் என்ன ஆனால் என்ன.

இவ்வளவும் தெரிந்தவன்தான் உன் கடிதத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. தண்ணீரைப் பற்றித் தெரியும், பல் உருவாகிற வயது தெரியும், நூருவின் வயதும் தெரியும். சுண்ணாம்பு அடித்தேன், கவுன் தைத்தேன், ஊரெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. மனசுக்கு வேண்டாததை மூளை கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும் போலிருக்கிறது, கூப்பிட்டால்தான் உள்ளே வரும். குழந்தைக்கென்று சின்னதாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தேன். அதைக் கழுவி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி ஜன்னல் திட்டில் வைத்துப் பார்த்தேன். எட்டுமா எட்டாதா என்று பார்க்கத்தான் வைத்தேன். அப்போதுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அழுதேன், அதை மறைப்பானேன்.

நீ என்னென்ன சொல்வாய் என்று யோசித்தேன். குழந்தைக்கு மட்டும் வெளித்தண்ணீர் கொண்டுவரலாமே என்பாய். வீட்டுக்குள் நான் கொண்டுவந்து வைத்துவிடுவேன், சைக்கிள் மிதிக்க இன்னும் தெம்பு இருக்கிறது. ஆனால் குழந்தை வீட்டுக்குள்ளேயேவா இருக்கும்? தெருவில் விளையாடும், தாகம் எடுத்தால் எந்த வீட்டிலும் நுழைந்து குடிக்கும், மாதம்மா முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். 'அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே' என்று சொல்லி ஒரு பிள்ளையை நம்மூரில் வளர்க்க முடியாது. அது அவள் மனசில் எப்படிப்பட்ட கறையாக விழும் என்று எனக்குத் தெரியும். பல்லில் விழுகிற கறையைவிட அது மோசம். அதை என் வீட்டிலிருந்து அவள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் நீங்கள் சேலத்துக்குப் போய் இருங்கள் என்பாய். உன் மாமியார் வீட்டிலா? போன தடவை குழந்தையைப் பார்க்கப் போனபோது முன்னறையில் நாற்காலி போட்டு, ஃபேன் போட்டு, டீயும் பிஸ்கட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத மரியாதை. காலை நீட்டி உட்காரக்கூடக் கூச்சமாக இருந்தது. நூருவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள், அது என் தாடியைப் பார்த்துவிட்டுக் கத்தியது, உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண் எடுத்த வீட்டில் போய்க் குடியிருந்து சோறு தின்ன என்னால் முடியாது, அது வீம்பு என்றால் வீம்பாகவே இருக்கட்டும். வேறு ஊரில் தனியாக அறை எடுத்துக் கடை போடுகிற வயதும் தாண்டிவிட்டது. உங்கம்மா படுத்திருக்கிற மண் இங்கே இருக்கிறது, வெள்ளிக்கிழமை அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். பேசுவதற்கு ஒரு இடம் வேண்டுமல்லவா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே உன்னோடு வேலை செய்பவர்கள் முன்னால் நீ இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாயா? கையை எடுத்துவிடு. அது உன் தப்பு இல்லை, உன்னைப் பெற்றவர்கள் தப்பும் இல்லை, மண்ணுக்குள் இருந்தது தண்ணீரில் வந்தது. இதை நான் அப்போதே உனக்குச் சொல்லியிருந்தால் நீ எத்தனை இடங்களில் வாய்விட்டுச் சிரித்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீ சிரித்து நான் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

ஜரீனாவுக்கு நான் தனியாக எழுதவில்லை. என் எழுத்தில் அது கடுமையாகப் போய்விடும். நீயே பக்குவமாக எழுது, தண்ணீர் விஷயத்தைச் சொல், மாமனாருக்குத் தன்மேல் வருத்தம் என்று அவள் நினைக்காதபடி சொல். அவள் நம்பாமல்கூடப் போகலாம். தண்ணீர் ஒரு சாக்கு என்று அவள் அம்மா சொல்வார். குழந்தைக்கு நான் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போகிற ஒரு தாடிக்கிழவனாகவே இருப்பேன். இதெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். தெருவில் எல்லோரும் எப்போது வருகிறார்கள் என்று கேட்கிறார்கள், குழந்தைக்குச் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன், அப்புறம் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, 'ஒன்றும் ஆகாது அத்தா, கொஞ்ச நாளைக்குத்தானே, அனுப்பி வைக்கிறேன்' என்று மட்டும் எழுதிவிடாதே. நீ மறுபடியும் ஒரு தடவை கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

துஆவுடன்,
உன் அத்தா